வெள்ளைச் சேலையில் பம்பர்க் கரி

எங்கள் வீட்டுக்காரர் ஹட்டனில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, கார் ஓட்டுகிறார். என் தங்கை கல்யாணத்துக்கு முதல்நாள், வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக் பம்பருக்கு மண்ணெண்ணெய் லாம்புக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினார்.

"புதுக் காரு மாதிரி இருக்குல்ல?"

"கையில ஒட்டுதுங்க."

"காஞ்சா சரியாப் போயிரும்."

இந்தப் பனிமூட்டத்தில் துவைத்த துணியே காய்வதில்லை, கரி காயுமா? சொன்னால் கேட்கிற ஆளா!

மறுநாள் அதே காரில் வந்து நோர்வூட் மாதா கோவில் வாசலில் இறங்கிய தங்கை, பம்பரை உரசிக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். வெள்ளைச் சேலையில் கையகலத்துக்குக் கறுப்பு! துடைக்கத் துடைக்கப் பரவியது.

"பூச்செண்டக் கொஞ்சம் எறக்கிப் புடிச்சுக்கம்மா" என்றார் இவர், பம்பரைப் பார்த்தபடி.

இப்போது அவர் காரில் எதைப் பூசினாலும், அவருடைய வெள்ளைச் சட்டையால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் கல்யாண ஹயருக்கு அனுப்புகிறேன். சட்டையை அவரே துவைக்கட்டும்.