எந்தத் தரையிலிருந்து கழுத்தளவு?

சவரிமுத்து சார் இறந்துவிட்டார் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அந்தக் குழுவை நம்ப முடியாது. உயிரோடு இருக்கும் எங்கள் பழைய நூலகருக்கு மாலை போட்ட படத்தைப் போட்டு, அவரே வந்து "நான் நல்லா இருக்கேன்" என்று எழுத வேண்டிவந்த குழு அது. ஆகவே வரிசையாக வந்துகொண்டிருந்த கும்பிட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே, சரிபார்க்கலாம் என்று சார் எண்ணுக்கே போன் செய்தேன். அவர் மனைவி பிலோமினா எடுத்தார். "மேடம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சரிபார்க்க ஒன்றுமில்லை.

சாரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. திருச்சியில் ஒரே கல்லூரியில், அவர் நிலவியல் துறையில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் நடத்தினார், நான் தாவரவியல் நடத்தினேன். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. அடக்கம் முடிந்து, தேவாலயத்தை ஒட்டிய பங்கு மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒரு பெரியவர் பேசியதுதான் காரணம். "வாழ்நாள் முழுக்க நோவா காலத்து வெள்ளத்தை மறுத்தவர், கடைசியில் படுக்கையில் கண்ணீர்விட்டு, அது அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு போனார்" என்றார். மண்டபமே உச்சுக்கொட்டியது. எனக்குச் சுருக்கென்றது. இறந்தவர் மறுத்துப் பேச முடியாது என்பதால் அவர் வாயில் எதையும் போட்டுவிடலாமா?

வெள்ளக் கதைகள் விஷயத்தில் சார் யாருக்கும் தயவு காட்டியதில்லை. நான் முதலில் அவரைக் கவனித்ததே அதனால்தான். ஆசிரியர் அறையில் ஒரு நாள், ஏதோ ஒரு மலையுச்சியில் நோவாவின் பேழை அகப்பட்டுவிட்டது என்று ஒருவர் வீடியோ காட்டினார். சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "படகைக் காணோமே, பாறைதான் தெரியுது" என்றார். வீடியோக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. தமிழ்த்துறை நண்பர் ஒருவர் குஷியாகி, கடல் விழுங்கிய நம் பழைய கண்டத்தின் படம் ஒன்றை நீட்டினார். "கடற்கரை ஊரைக் கடல் கொள்ளும்ங்க, அதை நான் மறுக்கல. கண்டமே முழுகுச்சுன்னா கடலடியில அந்தக் கல்லு இருக்கணுமே? தேடினாங்க, இல்ல" என்றார். அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது, அதுவரை முகம் கொடுத்துப் பேசாத அந்த இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவர் மேலேயே ஒரு சந்தேகம் இருந்தது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், தவக்காலத்தில் கறி தொடாதவர், வேதத்தில் உள்ள வெள்ளத்தை மட்டும் நம்ப மாட்டேன் என்றால் எங்கேயோ இடிக்கிறதே. ஒன்று அந்தப் பூசை ஊருக்காக இருக்க வேண்டும், இல்லை இந்தப் பேச்சு எங்களுக்காக இருக்க வேண்டும். ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "மேடம், அதைச் சாமிப் புஸ்தகமா படிச்சா எனக்கும் அதுக்கும் ஒரு தகராறும் இல்ல. நியூஸ் பேப்பரா படிக்கச் சொன்னாத்தான் சண்டை" என்றார். அப்போது எனக்கு அது மழுப்பலாகத்தான் பட்டது.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கத்துக்கு இரண்டு துறை மாணவர்களையும் சேர்த்து அழைத்துப் போன அன்று அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. கடலிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே, கால் வைத்த இடமெல்லாம் கல்லாகிப்போன கடல் நத்தையும் சிப்பியும். கூட வந்த பிள்ளைகளில் ஒருத்தி, "சார், இது பிரளயத்துல வந்ததுதானே?" என்று கேட்டாள். நானும் உள்ளூர அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன். சார் அவளைச் சுரங்கத்தின் வெட்டுச் சுவரோரம் கூட்டிப்போய்க் காட்டினார். "ஒரே வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்திருந்தா எல்லாம் கலந்து கலங்கிக் கிடக்கும். இங்க பாரு, ஒரு அடுக்கு வாழ்ந்து செத்திருக்கு, அதுக்கு மேல இன்னொரு அடுக்கு வாழ்ந்து செத்திருக்கு. அவசரமா வந்த தண்ணி இவ்வளவு பொறுமையா அடுக்காதும்மா. கடல் இங்க வந்தது நெசம். பார்த்துட்டுப் போய்க் கதை சொல்ல மனுசன்தான் அப்ப இல்ல." அந்தப் பெண் தலையாட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள், சார் ஜன்னலோரம் தூங்கிவிட்டார்.

வாதம் செய்ய அவருக்குச் சரியான ஜோடி என் அம்மாதான். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்தை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு வெள்ளம் வந்து தெருவெல்லாம் நிறைந்தது. வடிந்த பிறகு, தண்ணீர் நின்ற மட்டத்தில் வாசல் சுவரில் அப்பா ஒரு கோடு செதுக்கி வைத்தார். வெள்ளை அடிக்கிறவர்கள் பூசி மறைத்துவிடாமல் அம்மா அதைக் காவல் காத்துவந்தாள். சார் ஒரு முறை வீட்டுக்கு வந்திருந்தபோது பேச்சு அந்தப் பக்கம் போனது. "தெருவுல நின்னேன், கழுத்து மட்டும் ஜலம்" என்றாள் அம்மா. அதோடு விட்டிருக்கலாம். "உங்க வேதத்துலயும் ஓடம், எங்க புராணத்துல பெருமாள் மீனா வந்து இழுத்துண்டு போனதும் ஓடம். ரெண்டு பேரும் பேசி வெச்சுண்டா பொய் சொல்லுவா? பிரளயம் வாஸ்தவமா நடந்திருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"ஆத்தங்கரையில குடியிருக்கிற எல்லார்கிட்டயும் ஒரு வெள்ளக் கதை இருக்கும்மா. அவங்கவங்களுக்கு அவங்க ஊர்தான் உலகம். ஊர் முழுகினா உலகம் முழுகின மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே சார் வாசலுக்குப் போய், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். அது அவர் இடுப்புக்குத்தான் வந்தது. அம்மாவையும் கூப்பிட்டு நிற்கச் சொன்னார். குள்ளமான அவளுக்கே அது மார்புக்குக் கீழேதான் இருந்தது. "பார்த்தீங்களா, தண்ணி இங்கதான் நின்னுச்சு. சொல்லச் சொல்லக் கதை கழுத்துக்கு ஏறிடுச்சு. நம்ம காலத்து வெள்ளமே இவ்வளவு ஏறினா, நோவா காலத்து வெள்ளம் மலை மேல ஏறாதா?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "நான் நின்னேன். நீங்கோ நின்னேளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று அவருக்குக் காபியை நான்தான் கலந்து கொடுத்தேன்.

அப்புறம் சில வருடங்கள் கழித்து எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குக் குழி வெட்டினார்கள். அந்த வழியாக வந்த சார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில், பேன்ட் எல்லாம் புழுதியோடு உள்ளே வந்து, "அம்மா எங்கங்க?" என்று கேட்டார். குழியின் பக்கவாட்டில் தார், ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி என்று அடுக்கடுக்காகத் தெரிந்ததாம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் தெரு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கெல்லாம் அடியில் எங்கள் வீட்டுப் பழைய கல்படிகள் புதைந்து கிடந்தன. மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று ஒவ்வொரு வருடமும் புலம்பிய நாங்கள் யாரும் இதையும் அந்தக் கோட்டையும் சேர்த்து நினைத்ததில்லை. சார் அந்தப் படிகளின் காலடியில் இருந்த பழைய தெருத் தரையிலிருந்து கோடு வரை அளந்தார். பிறகு அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, தரையிலிருந்து அவள் கழுத்து வரை அளந்தார். இரண்டும் சரியாக இருந்தன.

"நீங்க சொன்னதுதான்மா சரி. நான் இப்ப இருக்கிற தரையிலேர்ந்து பார்த்துட்டேன்" என்றார். மண் எப்படி அடுக்கடுக்காக ஏறும் என்பதைப் பாடமாகவே நடத்திப் பிழைத்த மனிதர், அதை எங்கள் வாசலில் மறந்துபோனார். அது அவருக்குத் தாங்கவில்லை. முகம் சிவந்து நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மா விடுவாளா? "அப்போ பிரளயமும் வாஸ்தவம்தானே?" என்றாள். "அதுக்கும் குழி வெட்டிப் பார்த்துத்தாம்மா சொல்லணும்" என்றார் சார். இந்த முறை அம்மாவே காபி கொடுத்தாள்.

அன்றிலிருந்து, யார் எதை அளவாகச் சொன்னாலும் "எந்தத் தரையிலேர்ந்து?" என்று கேட்பது அவர் வழக்கமாயிற்று. பலர் அதைக் குதர்க்கம் என்றார்கள். எனக்குத் தெரிந்து அது அவர் பட்ட வெட்கத்தில் பிறந்த கேள்வி. கதையும் ஏறும், தரையும் ஏறும், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று சொல்வார். பூசைக்குப் போகிறவர், பேழையை நம்பாதவர் என்ற இரண்டு சவரிமுத்துகள் இல்லை, ஒரே ஆள்தான் என்று நானும் அதற்குப் பிறகுதான் நம்ப ஆரம்பித்தேன்.

இந்த மனிதரைத்தான் கடைசியில் கண்ணீர்விட்டார் என்கிறார்கள். இரங்கல் கூட்டத்துக்குச் சில நாள் கழித்து மேலப்புதூரில் அவர் வீட்டுக்குப் போனேன். சார் உட்காரும் நாற்காலியில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருந்தார் பிலோமினா. யாரும் அதில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக என்று நினைக்கிறேன். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அப்படிச் சொன்னாரா?"

அவருக்குக் கோபம் பொங்கிவிட்டது. "ஒரு சொட்டுக் கண்ணீர் விடல மேடம். வெளியில மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவங்க என்கிட்ட நோவா அதிகாரத்தைப் படின்னாங்க. மழைக்காலம் வந்தா வருஷா வருஷம் படிக்கச் சொல்லிக் கேப்பாங்க, இது ஒண்ணும் புதுசு இல்ல. பார்க்க வந்தவங்ககிட்ட, கடைசியா நோவா கதை கேட்டாங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது."

நம்பாத கதையை எதற்கு வருடா வருடம் கேட்க வேண்டும்? நான் அதையும் கேட்டேன். "அந்தப் பறவை வர்ற இடம் அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கதையிலயே சந்தேகப்படுற ஆளு நோவா ஒருத்தர்தான்னு சொல்லுவாங்க. மழை விட்டுடுச்சுன்னு உடனே இறங்கிடல, காக்காவை விட்டுப் பார்க்கிறாரு, புறாவை விட்டுப் பார்க்கிறாரு, புறா இலை கொண்டாந்தும் இறங்கல. இதை எழுதினவன் தண்ணி வடியறதைக் கண்ணால பார்த்த ஆத்தங்கரைக்காரன்தான்னு சொல்லிச் சிரிப்பாங்க."

பார்க்க வந்தவர்களிடம் "கேட்டார்" என்று இருந்தது, படியிறங்கும்போது "நம்பினார்" என்றாகி, மண்டபத்துக்கு வந்து சேரும்போது கண்ணீர்விட்டு அழுதது. கழுத்தளவு வெள்ளத்தைப் பார்த்துச் சிரித்தவரையே ஒரு வெள்ளக் கதையில் முக்கிவிட்டார்கள்.

"போகட்டும், நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள்" என்று ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தேன். பிலோமினா அழுதுவிட்டார். "கடைசியில மனம் மாறினாருன்னா அதுக்கு முன்னாடி அவங்க யாரு? இத்தனை வருஷம் என் பக்கத்துல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணது யாரு? அவங்களை விசுவாசி ஆக்குறோம்னு நெனச்சுக்கிட்டு, இவ்வளவு நாளும் வேஷம் போட்டாருன்னு ஊருக்குச் சொல்றாங்க. நான் பேசினா புருஷனை விட்டுக்கொடுக்காம பேசுறான்னுவாங்க. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு நீங்க பேசுங்க மேடம்."

பேசுவதாக ஒத்துக்கொண்டேன். ஆனால் என் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. பெரியவருக்கு அவர் நம்பிச் சாக வேண்டும், எனக்கு அவர் சந்தேகத்தோடு சாக வேண்டும். இருவரும் நமக்கு வேண்டியதைத்தான் கேட்கிறோம். சார் இருந்தால் என்னிடமும் தரை எது என்று கேட்டிருப்பார். ஆகவே, படித்து முடித்த பிறகு வேறு ஏதாவது சொன்னாரா என்று அழுத்திக் கேட்டேன்.

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு சொன்னாங்க. பார்க்க வந்தவங்ககிட்ட சொன்னா அதையும் ஏத்திடுவாங்கன்னு சொல்லல. பறவை வர்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாங்க. முதல் தடவை புறா திரும்பி வந்துடுது, ரெண்டாந்தடவை இலையோட வருது, மூணாந்தடவை வரவே இல்ல. அந்த இடத்துல நிறுத்தச் சொல்லி, 'கவனிச்சியா, அது திரும்பி வராததாலதான் அங்க தரை இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுது' அப்படின்னாங்க. அதுக்கு மேல அவங்க ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல."

முப்பதாம் நாள் பேசினேன். மைக் கரகரத்ததில் பின்வரிசைக்குப் பாதி கேட்கவில்லை என்றார்கள். பாதி கேட்டது எப்படியெல்லாம் வளரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதியும் வைக்கிறேன். அந்தப் புறாப் பேச்சை எழுதலாமா என்று பிலோமினாவைக் கேட்டேன். "எழுதுங்க. ஆனா ஏத்தாதீங்க" என்றார். ஏற்றவில்லை.

என் அம்மாவும் இன்று இல்லை. வாசல் சுவரில் அந்தக் கோடு இருக்கிறது, தெரு இன்னும் ஏறி அது இப்போது முழங்கால் பக்கம் வந்துவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள், இவ்வளவுதானா வெள்ளம் என்று கேட்கிறார்கள். எந்தத் தரையிலிருந்து என்று நான் திருப்பிக் கேட்கிறேன். சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. கூடவே இந்தப் புறா. சார் போன இடத்தில் தரை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சொல்லக்கூடிய ஒருவர் திரும்பி வந்து சொல்ல வேண்டும், திரும்பி வந்துவிட்டாலோ தரை இல்லை என்று ஆகிவிடும். மனம் கிடந்து தவிக்கும் சில நாட்களில், எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் போனில் சாரின் எண்ணைத் தேடி எடுத்துப் பார்க்கிறேன். பிறகு வைத்துவிடுகிறேன். வராமலே இருங்கள், சார்.