சிரித்தால் படம் நிற்கும்

சனிக்கிழமை காலை ரெட்டியார்பாளையத்து மாடி ஹாலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்கால் அண்ணனின் மகள் போன் செய்தாள். "அத்தே, அப்பா போயிட்டாரு. காபி குடிச்சிட்டுச் சாஞ்சாரு, எழுந்திரிக்கவே இல்ல." எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மறுநாள் அவருக்கும் எனக்கும் ஒரு பந்தயம் இருந்தது. தோற்கப்போகிற நேரம் பார்த்து நழுவிவிட்டாரே மனுஷன் என்றுதான் தோன்றியது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதேன்.

எங்கள் திரைப்பட வட்டத்துக்கு வந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பழைய பேய்ப் படம் என்றால் உயிரை விடுவார். நான் வங்கியில் வேலை பார்ப்பவள். ஹால் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, வந்தவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் என் தலையில் விழுந்தன.

சமாதானம் எதற்கு என்கிறீர்களா? பேய்ப் படம் ஓடும்போது மின்விசிறிகளை நிறுத்திவிடுவார். புதுச்சேரியில், மே மாதத்தில்! "பேய் வர்றதுக்கு முன்னாடி ஒரு அமைதி வரும் வசந்தா. ஒன் ஃபேன் சத்தத்துல அது எங்க காதுல விழும்?" என்பார். அமைதி வந்ததோ இல்லையோ, எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. திட்டு வாங்கியது நான்.

யாராவது சிரித்தால் இன்னும் மோசம். படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, "யாரு சிரிச்சது?" என்று கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டுவார். ஒருமுறை வௌவாலைக் கட்டியிருந்த கயிறு திரையில் பளிச்சென்று தெரிந்தது. சிரித்தது அவருடைய சொந்த மச்சான். முதலிலிருந்து ஓட்டினார். அதே இடம் வந்ததும் மச்சான் மறுபடி சிரித்தார். கடைசியில் பேய் யாரென்றே தெரியாமல் ஜனங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். "கயிறு தெரிஞ்சா அது கட்டுனவன் தப்பு. கயித்த மட்டுமே பாக்குறது ஒன் தப்பு" என்று மச்சானை வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே போனார்.

"அண்ணே, இந்தக் காலத்துப் பிள்ளைங்க செல்போன்ல பாக்காத ரத்தமா? மாவு பூசின மூஞ்சியப் பாத்துப் பயப்படுமா? அதுலயும் ஒங்க பேய் நின்னு நிதானமா சொந்தக் கதை பேசுது" என்று எத்தனையோ தடவை சொன்னேன். ஹாலில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் வட்டமே படுத்துவிடும் என்றேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

அவர் மனைவி ரோஸ் அண்ணி இறந்த வருஷம், கல்லறைத் திருநாளன்று பூ வைத்துவிட்டுத் திரும்பும்போதும் இதே வழக்குதான். "மத்தப் படத்துல செத்தா போட்டோவுக்கு மால போட்டு முடிச்சிடுறான். பேய்ப் படத்துலதான் போனவங்க திரும்பி வராங்க. அதப் பாத்துச் சிரிக்க எப்பிடி மனசு வருது?" என்றார். "அப்ப அது பயமுறுத்துற படமா, ஆறுதல் சொல்ற படமா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்கண்ணே" என்று கத்தினேன். "ரெண்டும்தான்" என்றார். இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது?

அதனால்தான் பந்தயம். கல்லூரிப் பிள்ளைகளை அழைத்து, அவர் தேர்ந்தெடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடுவது. அவர்கள் பயந்தால் வட்டம் அவர் இஷ்டப்படி நடக்கும். சிரித்தால் இனிமேல் புதுப் படங்கள்தான்.

அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு மதியம், அவர் நினைவாக அந்தப் படத்தையே போட்டேன். இறந்துபோன மருமகள் சாயங்காலந்தோறும் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்கும் கதை. மின்விசிறிகளைக்கூட நிறுத்தினேன். பிறகு அவர் பக்கத்து ஆட்கள் குறை சொல்லக் கூடாதல்லவா? பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேயின் சவுரி கழன்றபோது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான்தான் ஜெயித்தேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன்.

சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய படிக்கட்டு அது, பகலிலேயே மங்கலாக இருக்கும். கீழ்வீட்டு அம்மா படியடியில் வந்து நின்று, எங்களை நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார். குழாயில் தண்ணீர் வரவில்லையாம், பாவம்.

ஒரே அலறல்! அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மேலே ஓடினார்கள். எல்லோரையும் தள்ளிக்கொண்டு முதலில் ஹாலுக்குள் புகுந்தது நான்.

தோற்றுவிட்டேன் அண்ணே. வட்டம் இனி உங்கள் இஷ்டப்படிதான். உங்களிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தத் தோல்விதான், இதை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன். ஆனால் "பாத்தியா வசந்தா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்க நீங்கள் இல்லையே. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.