ஆறுமுகம் பிள்ளையின் நாக்கு கறுத்த கதை

1. தக்கை பறந்தது

கொட்டாரம் கடைத்தெருவில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நான் அங்கே கம்பவுண்டராகச் சேர்ந்தேன். முதல் நாள் டாக்டர் எழுதிய சீட்டில் சோடா உப்பும் சிட்ரிக் ஆசிடும் இருந்தன. இரண்டையும் ஒரே குப்பியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சிந்திவிடக் கூடாதே என்று தக்கையை இறுக்கி அடித்தேன். அதோடு நிற்காமல் நன்றாகக் குலுக்கியும் வைத்தேன்.

தக்கை கூரை ஓட்டில் இடித்து டாக்டரின் மேசையில் வந்து விழுந்தது. மருந்து பாதிக்கு மேல் சுவரில் வழிந்தது. டாக்டர் தக்கையை எடுத்துப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ஓய், இந்த மருந்து நோயாளிக்கா, பல்லிக்கா?" என்றார்.

டாக்டருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் படித்துவிட்டு வந்தவர். நான் மார்த்தாண்டத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் படிகாரமும் துத்தமும் அன்னபேதியும் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவன். எந்தச் சாமானையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே பெயர் சொல்லிவிடுவேன். ஆனால் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் என்ன வரும் என்று கேட்டால் முழிப்பேன். கம்பவுண்டர் வேலையே அந்த இரண்டாவது விஷயம்தான் என்பதை எனக்கு அந்தத் தக்கைதான் சொல்லித் தந்தது.

2. ஊற்றும் முன்பு சொல்ல வேண்டும்

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பந்தயம். இரண்டு மருந்தைச் சேர்க்கும் முன்பு என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஆவி கிளம்புமா, அடியில் மண்டி படியுமா, நிறம் மாறுமா, குப்பி சுடுமா? ஊற்றிய பிறகு "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொன்னால் செல்லாது. தோற்றவர் எதிர்க்கடையிலிருந்து சாயா வாங்கித் தர வேண்டும். முதலில் வெகுகாலம் டாக்டர் என் செலவில்தான் சாயா குடித்தார்.

அவருடைய பழைய ரசாயனப் புத்தகம் ஒன்றை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். முழுதாகப் புரிந்தது என்று சொன்னால் பொய். எனக்குப் பிடிபட்ட அளவில் எல்லாவற்றையும் நாலு கூடையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு சேர்ந்து ஒன்றாவது ஒரு வகை. சுட்ட சிப்பிச் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும், அதுபோல. ஒன்று பிரிந்து இரண்டாவது இன்னொரு வகை. அதே சிப்பியைச் சூளையில் சுடும்போது உள்ளே இருந்த ஆவி பிரிந்து போய்ச் சுண்ணாம்பு மிஞ்சுகிறதே, அது. ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்று உட்காருவது மூன்றாவது. செம்பு உப்பான துத்தத்தின் கரைசலில் என் பேனாக்கத்தி தவறி விழுந்து, எடுத்துப் பார்த்தபோது செம்பு நிறத்தில் இருந்தது. இரும்பு கரைந்து உள்ளே போக, கரைந்திருந்த செம்பு வெளியே வந்து கத்தியில் ஒட்டிக்கொண்டது. மருந்துக்கு வந்திருந்த ஒருவர், "கத்திக்குச் செம்புச் சட்டை போட்டுட்டீரு, இனி ஒரு வேட்டியும் கட்டி விடும்" என்றார்.

நாலாவது, இரண்டு ஜோடி தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது. சில்வர் நைட்ரேட்டும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் இறங்கும். ஒரு தடவை இதைப் பார்த்துக்கொண்டிருந்த மீன்காரி ஒருத்தி, "இது பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குத மாதிரியில்லா இருக்கு" என்றாள். புத்தகத்தில் இதற்கு முழ நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. மீன்காரி சொன்னதுதான் எனக்கு மனதில் நின்றது. நோயாளிகள் பேசுவதைக் கேட்பதற்கே இந்த வேலைக்கு வரலாம். "வயித்துக்குள்ள ஆரோ உரல் இடிக்குகா" என்பார்கள். "காலு ரெண்டும் எனக்குள்ளது இல்லாத மாதிரி கெடக்கு" என்பார்கள். எந்தப் புத்தகம் இப்படிச் சொல்லும்?

3. வண்டி வாசலில் நின்றது

முப்பதுகளின் தொடக்கத்தில் ஓர் அறுவடைக் காலம். டாக்டர் மருந்து எடுக்க நாகர்கோவிலுக்குப் போயிருந்தார். மத்தியானம் கழிந்து ஒரு வில்வண்டி வந்து நின்றது. பக்கத்துக் கிராமத்து ஆறுமுகம் பிள்ளையும் அவர் மனைவி இசக்கியம்மையும் இறங்கி உள்ளே வந்தார்கள். வண்டிக்குள் ஒரு டிரங்குப் பெட்டியோடு அவர்கள் மருமகள் பகவதி இருந்தாள். மகன் மாணிக்கம் கீழே நின்று மாட்டின் கொம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஆறுமுகம் பிள்ளைக்கு இரத்தம் குறைந்து முகம் வெளுத்திருந்ததால் டாக்டர் இரும்பு டானிக் எழுதியிருந்தார். கலந்து கொடுத்தவன் நான். அந்தக் குப்பியை இசக்கியம்மை மேசையில் வைத்தாள்.

"கம்பவுண்டரே, இதுக்குள்ள எனக்க மருமவ என்னத்தக் கலக்கினான்னு பாத்துச் சொல்லும். கேட்டுட்டு நாங்க அவளத் தக்கலையில அவளுக்க அம்ம வீட்டுல கொண்டு விடப் போறோம்."

"என்ன அக்கா, என்ன சங்கதி?"

"இன்னா, ஆளு நிக்காருல்லா. நாக்க நீட்டுங்க."

ஆறுமுகம் பிள்ளை வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு நாக்கை நீட்டினார். சோற்றுப்பானையின் அடிபோல் இருந்தது.

"மவன் ஊத்திக் குடுத்த ரெண்டு நாளும் நாக்கு நாக்கா இருந்து. மூணாம் நாளு இவ ஊத்துனா. அன்னைக்கே கறுத்துப் போச்சு. கைவிஷம் இல்லாம இது பின்ன என்னவாக்கும்?"

கைவிஷம் என்றால் எங்கள் பக்கத்தில் குலை நடுங்கும். சோற்றிலோ மருந்திலோ எதையோ கலந்து கொடுத்து, ஒரு ஆளைத் தன் கைக்குள் போட்டுக்கொள்வது என்று நம்பிக்கை. அந்தப் பெயர் ஒரு பெண்ணுக்கு விழுந்தால் எந்த வீட்டிலும் அவள் கையால் தண்ணீர் வாங்க மாட்டார்கள்.

ஆறுமுகம் பிள்ளை தலையை அண்ணாந்து, வெற்றிலைச் சாறு சிந்தாமல் பேசினார். "ஏட்டி, பதறாத. இவளக் கொண்டு விட்டா, இதே வண்டியில நம்ம செல்லம்மைய அவ்வோ ஏத்தி விடுவாவ. மாசமா இருக்க பிள்ள."

அவர்கள் மகள் செல்லம்மையைப் பகவதியின் அண்ணனுக்குக் கொடுத்து, பகவதியை மாணிக்கத்துக்கு எடுத்திருந்தார்கள். ஒரு பெண் வீடு திரும்பினால் மறு பெண்ணும் திரும்ப வேண்டியதுதான்.

"வரட்டும். மவள வச்சுக் கஞ்சி ஊத்த எனக்குத் தெரியும்" என்றாள் இசக்கியம்மை. சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இறங்கியது.

நான் குப்பியைத் திறந்தேன். மருந்து பழைய மஞ்சள் நிறத்திலேயே இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நான் கலந்த மருந்துதான்.

"அக்கா, இரும்பக் கறுக்க வைக்கது துவர்ப்புதான். குப்பிக்குள்ள எதையாவது போட்டிருந்தா குப்பி மருந்தே கறுத்திருக்கும்."

"குப்பியில எதுக்குப் போடணும்? கிளாசுல ஊத்துன பொறவு போட்டிருப்பா."

நான் ஆறுமுகம் பிள்ளையிடம் திரும்பினேன்.

"அண்ணாச்சி, மருந்துக்கு முன்ன பாலு விடாத கட்டன் சாயா குடிச்சியளா?"

"அந்தப் பழக்கம் இல்ல."

"கடுக்கா? நெல்லிக்கா?"

"இல்ல."

"வாழப்பூக் கறி?"

"புளிக்கறியும் சோறும். அது தின்னு வெகுநேரம் கழிஞ்சில்லா மருந்து குடிச்சேன். எடையில ஒண்ணும் தின்னல்ல."

"கேட்டீரா?" என்றாள் இசக்கியம்மை. "மாணிக்கம், வண்டியில ஏறு மக்கா."

மாணிக்கம் சாட்டையை எடுத்தான். பகவதி அழவில்லை. தக்கலைச் சாலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒரு நல்ல பெண்ணின் வாழ்க்கை என் கண் முன்னால் வண்டி ஏறிப் போகிறது. அது போவதற்கு நான் கலந்த மருந்து காரணம். யோசனை ஓடாதபோது நான் எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தேன். என் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து ஒரு துண்டுப் பாக்கை வாயில் போட்டுக் கடித்தேன்.

நாக்கு துவர்த்தது.

"மாணிக்கம், செத்த நில்லு."

4. பாக்குத் தண்ணீர்

"அண்ணாச்சி, மருந்து குடிக்கதுக்கு முன்ன வெத்தல போட்டியளா?"

"சோறு தின்னா வெத்தல போடாம எப்படி வேய்?"

"எடையில ஒண்ணும் தின்னல்லன்னு சொன்னியளே?"

"வெத்தல திங்குத சாமானா? அது சும்மா வாயில கெடக்கது."

என்னால் அவரைக் கோபிக்க முடியவில்லை. கேட்டவன் வாயிலும் ஒரு பாக்கு கிடந்தது.

"மாணிக்கம், நீ எப்ப மருந்து குடுத்தே?"

"விடியக்காலம், அப்பா பல்லு தேச்ச ஒடனே."

வண்டிக்குள்ளிருந்து பகவதி, புருஷனைக் காட்டி, முதல் முறையாகப் பேசினாள். "அறுப்பு தொடங்கின அன்னைக்கு அவ்வோ இருட்டுலயே களத்துக்குப் போயிட்டாவ. நான் மத்தியானத்துக்கு மேல குடுத்தேன்."

மகன் கொடுத்தது வெறும் வாயில். மருமகள் கொடுத்தது வெற்றிலை வாயில். யார் கொடுத்தார்கள் என்று பார்த்த வீட்டில் எப்போது கொடுத்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

"அக்கா, ஊத்துகதுக்கு முன்னயே சொல்லுகேன், கேட்டுக்கிடுங்க. பாக்கு ஊறுன தண்ணியில இந்த மருந்த விட்டா கறுக்கும். கறுக்கல்லன்னா நீங்க வண்டிய விடுங்க, நான் மறிக்கமாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கு நிச்சயம் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குக் கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சுவார்கள், அது தெரியும். கடுக்காயின் துவர்ப்பு பாக்கிலும் உண்டு என்பது என் ஊகம். பாக்கை நான் அதுவரை சோதித்ததில்லை. சாயா பந்தயத்தில் தோற்பது வேறு, இது வேறு.

"உமக்க பாக்கு வேண்டாம்" என்றாள் இசக்கியம்மை. மடியிலிருந்து தன் பாக்கை எடுத்தாள். தானே இடித்தாள், தானே வெந்நீர் ஊற்றினாள், தன் முந்தானையில் வடிகட்டினாள். மருந்தையும் என்னைத் தொட விடாமல் தானே ஊற்றினாள். சிவந்த தண்ணீரில் மஞ்சள் மருந்து இறங்கியது. இறங்கிய இடமெல்லாம் மை.

நான் மூச்சு விட்டேன். அவள் விடவில்லை.

"கிளாசு உமக்குள்ளது. நாக்கு எனக்குள்ளதுல்லா. இதுல விடும்."

ஒரு வெற்றிலை போட்டு மென்று, துப்பிவிட்டு, நாக்கை நீட்டினாள். மருந்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து இரண்டு சொட்டு விட்டேன். சற்று நேரம் வாயை மூடியிருந்துவிட்டு மறுபடி நீட்டினாள். அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. தன் நாக்கைத் தானே பார்க்க முடியவில்லை, டிஸ்பென்சரியில் கண்ணாடியும் இல்லை.

"கறுத்திட்டா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"காக்கா தோத்துப் போச்சு" என்றார் ஆறுமுகம் பிள்ளை. வெகு சந்தோஷமாகச் சொன்னதால் அவள் நம்பவில்லை. மகனைப் பார்த்தாள். அவன் மாட்டைப் பார்த்தான். என்னைக் கேட்கவே இல்லை. நேராக வண்டியண்டை போய், மருமகள் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

பகவதி நிதானமாகப் பார்த்தாள்.

"கறுத்துதான் இருக்கு அத்தே. நீங்க யாருக்க கையால வாங்கிக் குடிச்சிய?"

ஆறுமுகம் பிள்ளை வெற்றிலைச் சாறு புரையேறி இருமினார். இசக்கியம்மைக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் இன்னொன்றையும் முன்கூட்டிச் சொன்னேன். எலுமிச்சம்பழச் சாறு பட்டால் இந்தக் கறுப்பு வெளுக்கும். துணியில் மைக்கறை பட்டால் அப்படித்தான் எடுப்போம். மாணிக்கம் கடைக்கு ஓடினான். அன்று முழுவதிலும் அவன் ஓடிச் செய்த காரியம் அது ஒன்றுதான். பழத்தை என்னிடமும் தரவில்லை, அம்மையிடமும் தரவில்லை. வண்டிக்குள் நீட்டினான். பகவதி அதை இரண்டாக நறுக்கித் தரச்சொல்லி வாங்கி, ஒரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்க கையால வாங்குவியளா, கம்பவுண்டர் தரணுமா?"

"கொண்டா ஏட்டி" என்றாள் இசக்கியம்மை. "ஊரு பாக்கதுக்கு முன்ன கொண்டா."

நாக்கில் தேய்த்துக்கொண்டே வண்டியில் ஏறி மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாணிக்கம் மாட்டைத் திருப்பினான். இனி மருந்து காலையில் வெறும் வாயில், குடித்ததும் கொப்பளிக்க வேண்டும் என்று நான் வண்டிக்குப் பின்னால் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே ஏதோ பேச்சு நடந்துகொண்டிருந்தது.

5. இரண்டாவது கேள்வி

ரசாயனம் படிக்கிற பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து, "இதையும் இதையும் சேத்தா என்ன வரும் ஐயா?" என்று கேட்கிறார்கள். வகை தெரிந்தால் பாதிப் பதில் வந்துவிடும். மீதிப் பாதி, சேர்கிற சாமானையெல்லாம் கணக்கில் எடுத்தோமா என்பதில் இருக்கிறது. தாளில் இரண்டு பெயர்தான் எழுதியிருக்கும். கிளாசிலும் கிணற்றிலும் மனிதர் வாயிலும் அதற்கு முன்பே ஏதாவது இருக்கும். தினமும் இருப்பதால் அது ஒருவருக்கும் கண்ணில் படாது.

அந்த நாளுக்குப் பிறகு மருந்து கொடுக்கும் முன்பு எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்டேன். என்ன சாப்பிட்டீர்கள் என்பது முதல் கேள்வி. சாப்பாட்டுக் கணக்கில் சேராமல் வாயில் போட்டது என்ன என்பது இரண்டாவது. எல்லாரும் முதலில் "ஒண்ணும் இல்ல" என்பார்கள். நான் குப்பியை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் புகையிலை என்பார், ஒருவர் திருநீறு என்பார், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்புச் சாம்பல் என்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் தக்கையை எடுப்பேன்.