இடது கை மணி

ஆண்டில் ஒரு மாதம் அண்ணாமலையார் கருவறையில் நின்று பூசை செய்யும் முறை ஏகாம்பரநாத குருக்களின் குடும்பத்துக்கு உண்டு. மற்ற மாதங்களை அவர் அந்த ஒரு மாதத்தை எதிர்நோக்கியே கழித்தார். இவ்வாண்டு முறை ஐப்பசியில் வந்தது. இறைவன் திருமேனியை வெண்சோற்றால் மூடி அழகுசெய்யும் அன்னாபிஷேகமும் அம்மாதக் கடைசியில் அமைந்தது. தம் கையால் அதனைச் செய்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

புரட்டாசி பிறந்த சில நாளிலேயே, வடஒத்தவாடைத் தெருவில் பூக்கூடையோடு நடந்தவர் மயங்கி விழுந்தார்.

இதய மருத்துவர் எழிலரசி, ஈசிஜி தாளைக் குருக்களின் மனைவி வடிவாம்பாள் முன் விரித்தார்.

"இந்தச் சின்ன மேடு இருக்குதே, இது இதயத்தோட மேல் அறை கூப்பிடுறது. இந்த உயரக் கோடு, கீழ் அறை துடிக்கிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னாடியே ஒரு கோடு வரணும். இங்க பாருங்க, மேடு அதுபாட்டுக்குப் போகுது, கோடு எப்பவோ ஒருதரம் வருது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லம்மா."

"எங்காத்துல நானும் இவரும் இருக்கற மாதிரின்னு சொல்லுங்கோ" என்றாள் வடிவாம்பாள். சொன்ன மறுகணமே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேலூரில் அவருடைய இடது மார்புத் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்து, அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்றை இதயத்துக்குள் செலுத்தினார்கள். அது உள்ளே ஊன்றும்வரை, ஒன்றரை மாதம், இடக்கையைத் தோளுக்குமேல் தூக்கலாகாது. வீசி ஆட்டவும் ஆகாது.

"அதுக்குள்ள எல்லாம் சரியா இருந்தா அன்னாபிஷேகத்துக்கு மட்டும் போங்க, குருக்களே. அதுவரைக்கும் தம்பி பாத்துக்கட்டும்" என்றார் எழிலரசி.

குருக்கள் வீட்டில் இருந்தார். ஐப்பசி பிறந்தது. தம்பி சிவகணேஷ் விடியற்காலையில் ஈரவேட்டியோடு வாசலைக் கடந்து கோயிலுக்குப் போவதைச் சன்னல் வழியே பார்த்தார். மாலைதோறும் சாயரட்சை மணி தெருவெல்லாம் நிறைந்து வந்து அவர் கூடத்தில் நின்றது. அந்நேரத்தில் வலக்கை தீபத்தைத் தேடிற்று. இடக்கை மணியைத் தேடிற்று. கன்றின் குரல் கேட்ட பசுவின் மடிபோல நெஞ்சு கனத்தது.

ஐப்பசி நடுவில் மீண்டும் தலை சுற்றியது. எழிலரசி புதிய ஈசிஜி எடுத்தார். தாளில் ஊசி நட்டாற்போல் மெல்லிய குச்சிகள் ஒரே இடைவெளியில் நின்றன.

"இந்தக் குச்சி பேஸ்மேக்கர் தட்டறது. தட்டினதும் துடிப்பு வரணும். இது தட்டுது, தட்டுது, ஒண்ணும் வரலை."

குருக்கள் தாளை நெடுநேரம் பார்த்தார். "மணி அடிச்சும் திரை விலகலை."

"அதேதான். ஒயர் எடத்தைவிட்டு நகந்திருக்கு. கையைத் தூக்கினீங்களா?"

"தூக்கலையே."

"ஒயர் வேற மாதிரி சொல்லுது, சாமி."

"நான் சொல்றேன் டாக்டர்" என்றாள் வடிவாம்பாள். "கோயில் மணி கேட்டா இவரும் பூஜை மணியை எடுத்துண்டு நின்னுடறார். நேக்குக் கேக்கப்படாதுன்னு மணி நாக்குல துணியைச் சுத்தி வெச்சிருக்கார்! இன்னிக்குத்தான் தேய்க்க எடுத்தேன், பாத்தேன்."

"சத்தமே வராத மணி, டாக்டரம்மா" என்றார் குருக்கள். "அதைப் போய்க் கணக்குல சேக்கலாமா?"

எழிலரசி சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு அடங்கியது. "ஒயரைத் திரும்ப வேலூர்லதான் சரிபண்ணணும். அப்புறம் மறுபடியும் ஒன்றரை மாசம். அன்னாபிஷேகம் இந்த வருஷம் இல்லை, குருக்களே."

குருக்கள் மேல்துண்டின் ஓரத்தை விரல்களில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

வேலூரில் ஒயரைச் சரிசெய்து வந்தாயிற்று. அன்னாபிஷேக மாலையில் சன்னிதியில் திரை இட்டிருந்தது. அதன் அந்தப்பக்கத்தில், சோற்றின் இளஞ்சூடு உள்ளங்கையில் படப் படத் திருமேனியை மறைத்துக்கொண்டே வருவது எத்தகைய இன்பம் என்பதை அறிந்தவர், இந்தப்பக்கத்தில் கூட்டத்தோடு நின்றார். திரைக்கு வெளியே காத்து நிற்பது இவ்வளவு நீளும் என்று அவர் அறிந்ததில்லை. இத்தனை ஆண்டுகளும் வெளியே நின்றவர்கள் இப்படித்தான் நின்றார்களோ என்று தோன்றியது.

உள்ளே மணி ஒலித்தது. அவருடைய இடக்கை தானாக எழுந்தது. வடிவாம்பாள் அதைப் பற்றிக் கீழே இறக்கித் தன் இரு கைகளுக்குள் இறுக வைத்துக்கொண்டாள். "வேண்டாம், விடுங்கோ."

திரை விலகியது. கூட்டம் "அரோகரா" என்று கைகளைத் தலைமேல் குவித்தது. தீபத்தின் ஒளியில் வெண்மலையாய் விளங்கியவனை, அத்தனை தொலைவிலிருந்து, அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

பின்னர் சிவகணேஷ் இலையில் அன்னப்பிரசாதம் ஏந்தி வந்தான். அண்ணன் முன் வந்ததும் நின்றான்; கொடுக்கத் தயங்கினான்.

"உள்ள வந்து நீங்களே எடுத்துக்கோங்கோண்ணா."

"அடுத்த முறைக்கு வரேன்டா" என்று சொல்லி, குருக்கள் வலக்கையை நீட்டினார். இடக்கை இன்னும் மனைவியின் கைகளுக்குள் இருந்தது.