கண் வைக்காத மீன்

என் மாமா, அம்மாவின் தம்பி, காசிமேட்டில் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அது வயிற்றுப்பாட்டுக்கு. மிச்சம் விழும் பெயின்டைக் கொண்டுபோய் யார்டில் நிற்கும் சரக்கு ரயில்களில் மீன் வரைவார். அது பேர் வாங்க. காவலுக்குக் கூடவே அவருடைய தோஸ்து, வண்ணாரப்பேட்டைக்காரர். எனக்கு அவர் பாய் மாமா.

அமெரிக்காவில் பூமிக்கு அடியில் ஓடும் ரயில்களில் பேர் எழுதியே பெரிய ஆளானவர்களை மாமா போனில் காட்டுவார். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. உயரத்தில் எழுதுகிறவன்தான் அவர் கணக்கில் ஆள். கீழே வரைந்தால் அடுத்தவன் வந்து பூசிவிடுவான்.

அம்மா திட்டினாள். "மேல கரண்டு கம்பி கீதுடா."

"தொட்டாத்தானே அடிக்கும்? அவங்க ஊர்ல கரண்டே கீழ, தண்டவாளத்தாண்ட கீது. அதையே தாண்டிப் போய் எழுதறானுங்க."

மீனுக்குக் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். முன்னாலேயே வைத்தால் ஓடிப்பூடும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன். பள்ளிக்குப் போகும் வழியில், திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் நின்று மாமாவின் மீன் போகிறதா என்று தினமும் பார்ப்பேன்.

ஒரு ஆடி மாதம் என்னை அவசரமாக மணலி புதுநகரில் இருந்த அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நான் திரும்பி வந்தபோது மாமா இல்லை.

"காட்டுப்பள்ளில வேலைல கீது" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

நடந்தது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது: ரயில் டேங்கர் மேல் குப்புறப் படுத்து வரைந்தவர், எட்ட நின்று பார்க்க எழுந்திருக்கிறார். அந்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், கிட்டே தலை போனால் போதும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவரை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதே அப்போது எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து அந்த டேங்கர் கேட்டைக் கடந்தது. உச்சியில் மீன், கண் இல்லாமல். எனக்குக் கோபமான கோபம். சாயங்காலம் பாய் மாமா வந்தார். வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

"மாமா மீனுக்குக் கண்ணு வைக்காமயே பூட்டாரு. இன்னா அவசரம் அவருக்கு? நீ சொல்லு அவராண்ட."

 "சொல்றேம்மா" என்றார் பாய் மாமா.

மழை தொடங்கிய சமயம் அதே டேங்கர் திரும்பி வந்தது. மீனுக்குக் கண் இருந்தது. கொஞ்சம் பெரிதாக, கோணலாக, மாமா ஒருநாளும் வைக்காத மாதிரி. நான் பள்ளிக்குப் போகவில்லை, வீட்டுக்கு ஓடினேன். மாமா வந்து கண் வைத்துவிட்டார் என்று தெருவுக்கே சொன்னேன். அம்மா அரிந்துகொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பாய் மாமா வந்ததும் அம்மா எழுந்துபோய், இரண்டு கையாலும் அவர் மாரிலேயே அடித்தாள்.

"அதே எடத்துல ஏறுனியாடா? நீயும் அங்கியே சாவணுமா?"

அவர் தடுக்கவில்லை. கையில் கறுப்புப் பெயின்ட் இன்னும் போகாமல் ஒட்டியிருந்தது. மாமா ஊருக்கு வந்து போயிருக்கிறார், சந்தோஷப்படாமல் அம்மா எதற்கு இந்த மனுஷரைப் போட்டு அடிக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.