ஏர்லன்றோட் நவரத்தினம்

"உந்த ஜன்னல் பக்கம் ஆறு எண்டு வையுங்கோ, அண்ணை. அப்ப கதவடியிலை மில். மில்லைத் தாண்டினா பாண் சுடுற ஊர்ப் போறணை."

ஏணியின் உச்சியில் நின்றபடி என் முன்னறைச் சீலிங்கை றோலரால் காட்டுகிறார் நவரத்தினம். பாதி வெள்ளை அடித்தாயிற்று. மீதிப் பாதியில் ஒரு ஜேர்மன் கிராமம் கிடக்கிறது. பழைய ஈரக்கறை அவருக்குத் தேவாலயக் குன்று. பல்ப் தொங்கும் இடம் சந்தி. சந்தியில் ஒரு லிண்டன் மரம், அதன் கீழே கல்லால் ஆன வாங்கு. அந்தக் காலத்தில் ஊர் வழக்கெல்லாம் அங்கேதான் தீர்த்தார்களாம். சந்தி வந்ததும் றோலர் நின்றுவிடுகிறது. மனிதர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். பெயின்ற் என் கதிரையில் சொட்டுகிறது.

"நவம், கதிரை!" என்று கத்துகிறேன்.

"துடைக்கலாம், அண்ணை," என்கிறார், அந்த ஊரில் நின்றபடியே.

லண்டன் பிளேஸ்டோவில் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வேண்டுமென்றால் நம்மவர்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. காதோரம் தெரியும் வெள்ளை நரையா பெயின்ற்றா என்று மனைவி யோகமலருக்கே தெரியாது. 2006 உதைபந்தாட்ட உலகக் கிண்ணக் காலத்தில் தெருவெல்லாம் இங்கிலாந்துக் கொடி பறக்க, இவருடைய வான் வண்டியில் மட்டும் ஜேர்மன் கொடி! பப் வாசலில் நின்றவர்கள் ஊளையிட்டார்கள். இவர் ஹோர்ண் அடித்துக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

எண்பதுகளின் நடுவில் ஜேர்மனியில் அகதியாகப் போய் இறங்கியவரை ஏர்லன்றோட் என்ற அந்தச் சின்னக் கிராமத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. வேறென்ன செய்வது, ஊரையே சுற்றிச் சுற்றி நடந்தார். எந்த வீட்டு வாசல் நிலையில் எந்த ஆண்டைச் செதுக்கியிருக்கிறார்கள், எந்த நெருப்பில் எந்தத் தெரு எரிந்தது, எல்லாம் அத்துப்படி. பெரிய நெருப்பில் தப்பியது போறணை ஒன்றுதானாம். அன்றிலிருந்து பாண் சுட ஊர் முழுவதற்கும் அந்த ஒரே போறணை. சனிக்கிழமையில் யார் முதலில் சுடுவது என்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள்.

"எனக்கும் சீட்டுப் போட்டவை, அண்ணை. வந்த புதுசிலையே முதல் சீட்டு எனக்கு. மேயரின்ரை மனிசி மாவோடை எனக்குப் பின்னாலை நிக்கிறா! எனக்குப் பாண் சுடவே தெரியாது. றொட்டி சுட்டனான்."

"அவ்வளவு நல்ல சனமோ?"

"சும்மா போங்கோ. எதிர்வீட்டுக் கிழவன் கடைசி மட்டும் என்ரை வணக்கத்துக்குப் பதில் சொல்லேல்லை. ஆனா போறணையிலை என்ரை முறையை ஒருத்தரும் பறிக்கேல்லை."

ஜேர்மன் பாஸ்போட் கிடைத்ததும், மகள் கோசிகாவின் படிப்புக்காக லண்டன் வந்தார். இங்கே நம்மவர்கள் சந்தித்தால் முதற்கேள்வி என்ன என்பது உங்களுக்குத் தெரியும். "ஊரிலை எவடம்?" மனோர் பார்க் முருகன் கோயில் வரிசையில் கேட்டாலும் சரி, மரக்கறிக் கடையில் கேட்டாலும் சரி, நவரத்தினத்தின் பதில் ஒன்றுதான்: "ஏர்லன்றோட்." கேட்டவர் முழிப்பார். இவர் லிண்டன் மரத்தில் தொடங்கிவிடுவார். வெறும் பகிடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டபோது ஏணியிலிருந்து இறங்கிவந்து சொன்னார்.

"ஊரைச் சொன்னாக் கோயிலடியைக் கேப்பினம். கோயிலடியைச் சொன்னா எந்த வீதியெண்டு கேப்பினம். பிறகு முகத்தைப் பாப்பினம். அந்தக் கோயிலுக்குள்ளை எங்கடை ஆக்களை விடேல்லை, அண்ணை. பிறகேன் நான் அதின்ரை விலாசத்தைக் காவித் திரிவான்?"

சாதியைக் கேட்க வெட்கம், அதனால் ஊரைக் கேட்கிறோம். விமானம் ஏறி வந்தும் இந்தப் புத்தி நம்மை விட்டுப் போகவில்லை. சீ!

போன மாதம் அந்தக் கேள்வி வீடு தேடி வந்தது. கோசிகாவும் விம்பிள்டன் பெடியன் கிருஷாந்தும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒருவரையொருவர் விரும்பியவர்கள். பெடியனின் தகப்பன் கல்யாணசுந்தரம் மகனையும் கூட்டிக்கொண்டு கலியாணம் பேச வருவதாக இருந்தது. அயலவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது யோகமலர் கணவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு மட்டும் வாயிலை வாற ஒரு ஊரைச் சொல்லுங்கோப்பா. உங்கடை ஜேர்மன் கதையாலை இது குழம்பினாப் பிள்ளை தாங்கமாட்டாள்."

"ஓம்," என்றார் நவரத்தினம். அவ்வளவுதான்.

கோசிகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கல்யாணசுந்தரம் கோப்பையை எடுத்தார். வாயருகே கொண்டுபோனவர், நிறுத்தி, "ஊரிலை எவடம்?" என்றார்.

நவரத்தினம் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை மனிதருக்கு.

"ஏர்லன்றோட்."

"அது ஜேர்மனி. நான் பிறந்த இடத்தைக் கேட்டனான்."

"பிறந்தது பெரியாஸ்பத்திரியிலை."

"அது சரி. எந்தக் கோயிலடி?"

"கல்லுக் கோயில்," என்று தொடங்கினார். குரல் நடுங்கியது. தேவாலயக் குன்று ஏற ஏறத் தெளிந்துவிட்டது. ஒரு காலத்தில் சுவீடன் படை ஊர் ஊராக மணிகளைப் பறித்துப் பீரங்கி வார்த்ததாம். ஏர்லன்றோட் சனம் தங்கள் கோயில் மணியைக் கழற்றி இரவோடிரவாகக் குளத்தில் தாழ்த்திவிட்டது. தாழ்த்தியவர்கள் எல்லோரும் சண்டையில் செத்துப்போனார்கள். மணி எங்கே கிடக்கிறதென்று சொல்ல ஆளில்லை. மாரியில் குளம் உறைகிற வேளை, பனிக்கட்டியில் காதை வைத்தால் அடியிலிருந்து ஒரு முழக்கம் கேட்குமாம்.

"நானும் குப்புறப் படுத்துக் கேட்டிருக்கிறன்," என்றார். பிளேஸ்டோ, பஸ் இரைச்சல், வந்த காரியம் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அந்தக் குளக்கரையில் நானும் போய் நின்றேன்.

கல்யாணசுந்தரம் அங்கே வரவில்லை. கோப்பையை வாயில் வைக்காமலே மேசையில் வைத்தார். யோகமலரின் கண் அந்தக் கோப்பையைவிட்டு நகரவில்லை. கோசிகா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழும்பு, போவம்," என்றார் மகனிடம்.

கிருஷாந்த் எழும்பவில்லை. தகப்பன் வைத்த கோப்பையை எடுத்தான். ஆறி ஆடை படிந்திருந்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான். அதுவரை 'அங்கிள்' என்று கூப்பிட்டவன், "அந்த மணியைப் பிறகு எடுத்தவையோ, மாமா?" என்று கேட்டான்.

நவரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மணி எவ்வளவு பெரிது என்று காட்ட இரண்டு கைகளையும் விரித்தார். போதாதென்று எழும்பி நின்று, இன்னும் விரித்தார்.