ஒரு மருத்துவமனையைப் பார்க்கத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மலையடிவாரத்துத் தாப்பாவில் வேன் ஏறினேன். மலைமேல் இருக்கும் ரிங்லெட்டுக்குச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. உடன் வந்தவர்கள் ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவினர். நான் வெளியாள், அறுவை சிகிச்சை மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கும் டாக்டர். எந்த மருத்துவமனை முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்தி மறுநாளுக்குள் அனுப்பியாக வேண்டும். முதலில் போட்டது கிடைத்துவிட்டால் பயிற்சி முடியும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும்.

நேர்முகத்துக்குப் போன இடமெல்லாம் "நாங்க ஒரே குடும்பம்" என்றார்கள். அதைக் கேட்டாலே எனக்கு நம்பிக்கை போய்விடுகிறது. இப்போது வேலை பார்க்கும் இடத்திலும் அப்படிச் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். யாராவது தப்பு செய்தால் ஆப்பரேஷன் அறையில் கத்திரிக்கோல் பறக்கிறது.

வேனில் வந்த இந்தப் பிரிவில் பயிலும் என் தோழி தேவி தோட்டத்துப் பெண். "டிப்பார்ட்மெண்டே எங்க வீட்டுக்குச் சாப்பிட வருது, நீயும் வா லா. மலை ஏறுறப்ப யாரும் நடிக்க முடியாது, பாதிப் பேருக்கு வாந்திதான்" என்றாள்.

சொன்னபடியே ஆயிற்று. பிரிவுத் தலைவர் டாக்டர் சுகுமாரனே இரண்டு முறை வேனை நிறுத்தச் சொன்னார். ஜூனியர்கள் அவர் முகத்துக்கு நேரே கேலி செய்தார்கள், அவரும் சிரித்தார். உல்லாசப் பயணத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான் என்று நான் மயங்காமல் இருந்தேன். ரிங்லெட்டில் முஸ்லிம் கடையில் நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் டீ, தே தாரிக், இரண்டு ரிங்கிட் ஐம்பது காசு. குளிருக்கு இன்னொன்றும் குடிக்கலாம்.

பத்தரை மணிக்குத் தோட்டம். மழை ஓய்ந்திருந்தது. சரிவு முழுக்கச் செடிகள் ஒரே உயரத்துக்கு வெட்டப்பட்டிருக்க, நடுவில் ஆள் நடக்கும் தடம் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தது. இவ்வளவு பச்சையை நான் பார்த்ததில்லை. மனசு லேசாகிவிட்டது.

தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு இறங்கும் வளைவில் வேன் நின்றது. அதற்குக் கீழே போனுக்குச் சிக்னல் கிடையாது. மருத்துவமனையில் அன்று ட்யூட்டி பார்த்த ஹரி எந்த நேரமும் கூப்பிடலாம். அதனால் ஒருவர் மாற்றி ஒருவர் சிக்னல் உள்ள இடத்தில் போனோடு உட்காருவது, எங்கே போனாலும் இவர்களுக்கு வழக்கமாம். முதல் முறை கடைசியாகச் சேர்ந்தவன் தலையில்தான் விழும் என்று நினைத்தேன். சுகுமாரன்தான் அங்கிருந்த சின்னப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க போய்ச் சூடா சாப்பிடுங்க, நான் பாத்துக்கிறேன்."

பகல் ஒரு மணிக்கு, இன்னும் மேலேயே இருந்த சுகுமாரனுக்குத் தேவியின் அம்மா கட்டிக்கொடுத்த சோறும் கோழிக்கறியும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். "அடிச்சா எடுத்து, வந்துட்டாருன்னு சொல்லுங்க" என்று போனை என்னிடம் தந்துவிட்டு, அவர் வாய்க்காலில் கை கழுவப் போனார். அந்த நேரம் பார்த்து அடித்தது. நான் வாய் திறப்பதற்குள் ஹரி பேசிவிட்டான்.

"பாஸ், நான் தப்பு பண்ணிட்டேன். நாளைக்கு ஆப்பரேஷன் பண்ற அம்மாவுக்கு, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரைய நிறுத்தச் சொல்ல மறந்துட்டேன். இன்னிக்கும் சாப்பிட்டுட்டாங்க."

குரலில் கவலை இருந்தது. பயம் இல்லை.

சுகுமாரன் ஈரக் கையோடு போனை வாங்கிக் கேட்டார். "சரி, நாளைக்கு வேணாம், தள்ளி வை. அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா? சொல்லிடு, சாயங்காலம் நானும் வந்து பேசுறேன். எப்படி விட்டுப்போச்சுன்னு நாளைக்கு எல்லாரும் உக்காந்து பாப்போம்."

"திட்டலையா, டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடி என்னை வினோதமாகப் பார்த்தார். "எதுக்கு? அவனாத்தானே போன் பண்ணிச் சொன்னான்?"

நாலு மணிக்குக் கிளம்பினோம். வேனில் தேவி காதருகே சொன்னாள்: "ரொம்ப மயங்காத. தூக்கம் கிடையாது. நான் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தே வருஷக்கணக்காச்சு. அதையும் தெரிஞ்சிக்கிட்டுப் போடு லா."

தெரிந்துகொண்டுதான் போட்டேன். நேற்றுவரை தலைநகரத்து மருத்துவமனை முதலிடத்தில் இருந்தது. அங்கே கருவிகள் புதிது, பெயரும் பெரிது. ரிங்லெட் தாண்டியதும் அதைக் கீழே இறக்கி, இதை மேலே வைத்து அனுப்பிவிட்டேன். கத்தியைக் கையில் எடுக்கப் போகிறவள் நான். என்றைக்காவது தப்பு செய்யத்தான் போகிறேன். அன்றைக்குப் போன் செய்ய எனக்குப் பயம் வரக்கூடாது.